இரண்டு புகார்களும் ஒரு படகும்

பஸ் கம்பெனியின் புகார் கவுன்ட்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குச் சண்டை என்றாலே ஆகாது. எப்படி ஆகும்? காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி ஜன்னலைத் திறந்தால் போதும், ஊரிலுள்ள கோபம் அத்தனையும் அவள் முகத்தில்தான் வந்து விழும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக அவள் கற்பனையில் கட்டிய ஊரில் சண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நடத்தும் விளையாட்டு அது. ஊரை உண்டாக்குவது அவள் பொறுப்பு. அதில் நுழைந்து வாழ வேண்டியவர்கள் அவள் கணவன், நாத்தனார், மூன்றாம் மாடித் தையல்காரர். ஆற்றங்கரையில் ஒரு நகரம். எழுபது பக்க நோட்டு நிறையத் தெருக்கள், கோபுரங்கள், முப்பத்திரண்டு வகை மீன்கள். ராஜா நல்லவர். மந்திரி அவரைவிட நல்லவர். அடேயப்பா, என்ன உழைப்பு! போன வாரம் தையல்காரர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்.

நாத்தனார் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். எதையும் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க ஊரு அழகாத்தான் இருக்கு. ஆனா அங்க போய் நான் என்னதான் பண்றது? மீனை எண்ணிட்டு உக்காரவா? இந்த ஒரு ஞாயிறு வரேன். அப்பவும் இப்படியேதான்னா நீச்சல் கிளாஸ்ல சேந்துடறேன்."

கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து இவளுக்கென்று இருக்கும் ஒரே தோழி இந்த நாத்தனார்தான். அவள் நின்றுவிட்டால் விளையாட்டும் நின்றுவிடும். வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே நாளும் போய்விடும்.

வியாழக்கிழமை காலை இரண்டு புகார்கள் வந்தன. ஒரே பஸ், ஒரே நிறுத்தம், ஒரே நேரம்.

"அம்மாவால வேகமா நடக்க முடியாதுங்க. கையக் காட்டிட்டே வர்றேன், இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா ஏறியிருப்போம்" என்றாள் ஒரு பெண்.

அடுத்து வந்தவன் பஸ்ஸுக்குள் இருந்தவன். "யாரோ கையக் காட்டறாங்கன்னு டிரைவர் ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டான். எனக்கு இன்டர்வியூவே போச்சு!"

படிவத்தில் 'தவறு யாருடையது' என்று ஒரு கட்டம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவள், அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு பேர் பேசுவதும் நியாயம்தானே! இத்தனை வருஷமாகக் கூச்சலைக் கேட்டு மிரண்டாளே தவிர, அதற்கு அடியில் இருந்த தவிப்பை அவள் கேட்டதே இல்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறன்று நோட்டைத் தொடவே இல்லை. கையில் ஒரே ஒரு துண்டுச் சீட்டு.

"ஆத்துல வெள்ளம் ஏறுது. ஊரை விட்டுப் போக ஒரே ஒரு படகு. ஏறினவங்க கிளம்புங்கறாங்க, ஏறாதவங்க நில்லுங்கறாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை நீங்க சொல்லுங்க."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படகோட்டி நான்தான்."

"நான் படகுல இருக்கேன்" என்றாள் நாத்தனார். "மடியில குழந்தை. காய்ச்சல் கொதிக்குது. இப்பவே கிளம்பணும்."

கணவன் உருட்டிக்கொண்டிருந்த பகடையைக் கீழே வைத்தான். ஒருவரிடமும் எதிர்த்துப் பேசி அறியாத மனுஷன்.

"நான் கரையில நிக்கறேன். கிளம்ப விடமாட்டேன். அம்மா வந்துட்டு இருக்காங்க, மெதுவாத்தான் நடப்பாங்க."

"யாரு அம்மா?"

"நம்ம அம்மாதான். விளையாட்டுலயும் நீ என் தங்கச்சிதானே?"

நாத்தனாருக்கு முகம் மாறிவிட்டது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! அண்ணனும் தங்கையும் தொண்டை கட்டும் வரை வாதாடினார்கள். படகோட்டி கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக அல்லாடினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சண்டையே ஆகாதவள் சந்தோஷம் தாங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. படகு இன்னும் கரையிலேயே நின்றது.

"படகு போயிட்டா நீச்சல் உதவும்மா, அந்த கிளாஸ்ல சேந்துடு" என்று தையல்காரர் கிண்டலடித்தார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"அண்ணி, அடுத்த ஞாயிறு நான் வர்ற வரைக்கும் அந்தப் படகு கிளம்பக் கூடாது. பிடிச்சு வைங்க."