சாக்ஸபோனுக்குக் கொடுத்த ஞாயிறுகள்

1. வாங்கிய கதை

பாடசாலை பேண்டில்தான் சாக்ஸபோன் பழகினேன். படிப்பு முடிந்த அன்று வாத்தியத்தை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மாத்தளையில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ரபீக் நானாவின் இசைக்குழுவில் சேர வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

"சாமான் இல்லாம வந்து என்ன செய்ய தம்பி? வாங்கிட்டு வாங்க, எடம் வச்சிருக்கேன்" என்றார் நானா.

தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷம் பட்டினி கிடந்தாலும் அந்த விலை வராது. நானோ டெக்னிக்கல் காலேஜ் மாணவன். சீகிரியா ஹோட்டல் ஒன்றில் சனி, ஞாயிறு வாசிக்க ஆள் தேடினார்கள். மேனேஜர் என்னை எடுத்து, ஒரு செக்கன்ட் ஹேண்ட் சாக்ஸபோனும் வாங்கித் தந்தார். இருபது மாதம் சம்பளத்தில் கழிப்பதாகப் பேச்சு.

"பெறுமதியான சாமான். கவனமா பாத்துக்குங்க தம்பி."

"சரிங்க சேர்" என்றேன். அன்றிலிருந்து அது ஹோட்டலைவிட்டு வெளியே போகவில்லை.

2. மைனஸ் ட்ராக்

பாடகர் கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது. ஸ்பீக்கரில் மைனஸ் ட்ராக் ஓடும். அதில் எல்லா வாத்தியமும் இருக்கும், என்னுடையது மட்டும் இருக்காது. அந்த இடத்தில் நான் ஊத வேண்டும். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவார்கள். கைதட்டல் கேட்டால் யாருக்கோ பிறந்தநாள் கேக் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நானா குழுவின் ஒத்திகையும் ஞாயிறு பின்னேரம்தான். பலாபத்வலயிலிருந்து அங்கே போகும் நண்பன் போனில் படம் அனுப்புவான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் ஒரு கதிரை காலியாக இருக்கும். அதைப் பார்த்த நாளில் ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சோறு இறங்காது. தனிமை என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

3. கடன் தீர்ந்த பிறகு

கடைசித் தவணை கழிந்ததும் வேலையை விட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தம்புள்ளை வழியாக பஸ்ஸில் ஒத்திகைக்குப் போனேன்.

பாடகி ஒரு வரியை ஆசையாக இழுத்துப் பாடினார். மற்றவர்கள் வாசிப்பைத் தாமதித்து அவருக்காக நின்றார்கள். நான் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மூன்று தரம் வாசித்தோம், மூன்று தரமும் அதே கதை. ட்ராக் யாருக்காகவும் நிற்காது. இருபது மாதத்தில் நானும் அப்படி ஆகியிருந்தேன்.

"நல்லா வாசிக்கிறீங்க தம்பி. ஆனா நாங்க பாடுறத, வாசிக்கிறத காது குடுத்துக் கேக்கிறீங்க இல்லியே" என்றார் நானா. அந்த சீசனுக்கு வேறு ஆளை எடுத்தார். பெட்டியைப் பூட்டும் சாக்கில் குனிந்து அழுதேன்.

மறுபடி அந்தக் குழுவில் உட்கார நான்கு வருஷம் பிடித்தது. பிறகு ஒரு கல்யாணத்தில் பழைய மேனேஜரைச் சந்தித்தபோது அந்த ஞாயிறுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"அட, கேட்டிருந்தா லீவு தந்திருப்பேனே! சாமானையும் கொண்டு போயிருக்கலாம். நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"

அவர் சொல்லவே இல்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் வாய் திறக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். மேனேஜர் என்றதும் எனக்கும் வாய் வரவில்லை. வாத்தியத்துக்காக வேலைக்குப் போகும் பிள்ளைகளே, சம்பளம் பேசும்போதே மற்றவர்களோடு வாசிக்க ஒரு நாள் லீவு கேளுங்கள். முடியாது என்றால் அதை அவர்கள் சொல்லட்டும். எனக்கு முடியாது என்று சொன்னது நான்தான்.