இரண்டு தோளும் ஒன்றாகக் கனக்கும்வரை

புதுத்துணி தைக்கிறவன் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஆல்டரேஷன் பார்க்கிறவன் கடைக்கு, வீட்டில் ஒரு சண்டை முடிந்த பிறகுதான் வருவார்கள்.

டவுணில், ரத வீதியை விட்டு உள்ளே போகும் சந்தில், பாத்திரக்கடை மாடிப்படிக்கு அடியில் என் மிஷின் கிடக்கிறது. வீட்டிலேயே வெட்டித் தைத்துக் கெடுத்ததைத் திருத்துவது என் வேலை. இப்போது எல்லார் வீட்டிலும் மிஷின் இருக்கிறது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. போனில் ஒருத்தி தைக்கிறாள், அதைப் பார்த்து இங்கே ஒருத்தி வெட்டுகிறாள். மிச்சம் என் தலையில். மிஷின் மிதித்து முட்டி தேய்ந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டும் இடது கை

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் சட்டை கொண்டுவந்தார். மனைவி தைத்தது. இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தாள். போட்டால் வலது தோள் பின்னால் இழுக்கும். “கையைப் பிரிச்சா துணி பத்தாது வே. வேற துணியில ஒட்டுப் போடணும்” என்றேன். ஒட்டு வெளியே தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன செய்யும்? தெரியும் என்றேன்.

சட்டையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அப்ப வேண்டாம் அண்ணாச்சி. இப்படியே போட்டுக்கிடுதேன். பிள்ளை போன பெறவு அவ எந்திரிச்சு உக்காந்து செஞ்ச மொத வேலை இதுதான்.”

அளவு ஜாக்கெட்

பேட்டையிலிருந்து ஒருத்தி வந்தாள். பீடி சுற்றுகிறவள். பெயர் வேண்டாம்; பேட்டைக்காரி என்றே எழுதுகிறேன். மகளுக்கு நிச்சயதார்த்தம், இன்னும் பன்னிரண்டு நாள். அன்றைக்குப் போடத் தனக்கென்று ஒரு பட்டு ஜாக்கெட்டைத் தானே தைத்திருந்தாள். பழைய ஜாக்கெட்டைப் பேப்பரில் வைத்து வரைந்து, அந்தப் பேப்பரை வைத்துத் துணியை வெட்டியிருக்கிறாள். இடது பக்கம் சரியாக உட்காரவில்லை, பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். தையல் சுத்தம். அளவுக்கென்று அவள் கொண்டுவந்த அந்தப் பழைய ஜாக்கெட்டின் மேல் விரித்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. நம் பக்கத்தில் ஆண் தையல்காரன் பெண்கள் மேல் அளவு நாடா வைப்பதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பார்கள். அது சொன்னதுதான் உடம்பு. அதை நம்பித்தான் என் வாய் நீண்டது. “ஜாக்கெட்டு நேராத்தான் இருக்கு. நீதான் ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்க. நேரா நில்லும்மா” என்றேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். “இனிமே நேரா நிக்கேன் அண்ணாச்சி.”

நாலு சாரம்

அதே வாரம் சீவலப்பேரியிலிருந்து வயல் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, செத்துப்போன புருஷன் இடுப்பில் கட்டிய சாரம் நாலைக் கொண்டுவந்து தலையணை உறை தைக்கச் சொன்னாள். தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். மறுபக்கம் நிற்கிற ஆளே தெரிந்தான். “இது துணியே இல்ல. ஒரு மாசம் தாங்காது” என்றேன்.

“அவரையும் அப்படித்தான் சொன்னாவ அண்ணாச்சி. முப்பது வருசம் தாங்கலையா? நீங்க தையுங்க.”

பேப்பர் பொட்டலம்

பேட்டைக்காரி நாலாம் நாள் மறுபடி வந்தாள். நல்ல வெயில், சந்தில் ஈ காக்கை இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேப்பரில் சுற்றிய ஒன்றை மிஷின் மேல் வைத்தாள். பிரித்தேன். வெட்டுத்துணியில் வட்டமாகத் தைத்துப் பஞ்சு அடைத்த சின்னப் பை. “இது என்னத்துக்கு? சட்டி இறக்கவா?” என்று கேட்டேன்.

“எடுத்துட்டாவ அண்ணாச்சி” என்றாள். “கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது பக்கம் முழுசா எடுத்துட்டாவ. ஆறு மாசமாச்சு.” அளவு ஜாக்கெட் அதற்கு முந்தியது. நேராக நில் என்று சொன்ன வாய் இது.

மாப்பிள்ளை வீட்டில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா எதிரே உட்கார்ந்து தட்டு மாற்றுவாள். அவள் கண்ணில் பட்டால் கல்யாணம் நின்றுபோகும். பஞ்சுக்குக் கனமில்லை, கையைத் தூக்கினால் இந்தப் பை கழுத்துக்கு ஏறிவிடுகிறது. ஏமாற்று வேலைக்கு நான் துணை போகணுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“எனக்காக இல்ல அண்ணாச்சி. தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு சொல்லுவாவ. அப்புறம் அவளை யாரு கட்டுவா?”

கடுகு

கனத்துக்கு என்ன போடுவது? அரிசி போட்டால் வேர்வையில் ஊறி நாறும். மணல் போட்டால் கல்லாக இறங்கும். கடுகு போடலாம் என்று முடிவு பண்ணினேன். உருண்டை, வழுக்கும், உடம்போடு அசையும். பழைய மல் வேட்டியில் இரட்டைப் பையாக வெட்டினேன். உள்ளே கடுகு, சுற்றிலும் பஞ்சு. ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்தேன், துவைக்கும்போது கழற்றிக்கொள்ள.

எவ்வளவு கடுகு என்பதை நான் எப்படிக் கேட்பது? பையின் ஒரு ஓரத்தை மட்டும் தைக்காமல் கொடுத்தேன். “வீட்டுல போயி கொஞ்சங் கொஞ்சமாப் போடு. ரெண்டு தோளும் ஒண்ணாக் கனக்கும்போது நிறுத்திட்டு, நீயே தச்சிரு” என்றேன்.

மறுநாள் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்து, சந்துக்கு வெளியே நின்றாள். நேராகத்தான் நின்றாள். “ஆறு மாசமா ஒரு பக்கமாத்தான் நடந்திருக்கேன் அண்ணாச்சி. இப்பத்தான் தெரியுது.”

தட்டு மாற்றிய அன்று

நான் போகவில்லை. என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? அவள் வந்து சொன்னதுதான். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. தாம்பூலத் தட்டை நீட்டக் குனிந்தபோது, அவள் தைத்து மூடிய ஓரத்தில் இரண்டு தையல் விட்டிருக்கிறது. பொலபொலவென்று கடுகு. தட்டில் விழுந்திருக்கிறது, வெற்றிலை மேல் விழுந்திருக்கிறது, பாயில் உருண்டிருக்கிறது. கூடம் முழுக்கச் சனம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடுகை விரலால் எடுத்துப் பார்த்திருக்கிறாள். “திருஷ்டிக்கு முடிஞ்சு வச்சிருக்கியளா மதினி?” என்று கேட்டிருக்கிறாள்.

அவளையே மூடச் சொன்னது என் தப்பு. நானே மிஷினில் ஓட்டியிருக்க வேண்டும். “நீ என்ன சொன்ன?” என்றேன்.

“ஆமா மதினின்னு சொன்னேன் அண்ணாச்சி. அவளும் ரெண்டு கடுகை எடுத்துத் தன் முந்தியில முடிஞ்சுகிட்டா.”

நாலு ஜாக்கெட்

கல்யாணம் முடிந்தது. பேட்டைக்காரி அப்புறம் வரவில்லை. வராவிட்டால் நல்லது என்று இருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, கனத்த உடம்பும் கனத்த குரலுமாக ஒரு அம்மா வந்து படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நாலு ஜாக்கெட்டை எடுத்து வைத்தாள். “எல்லாத்தையும் உள்ள பிடிச்சுக் குடுங்க” என்றாள். தையலைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. தெரியாதவன்போல் ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

“நான் சம்பந்தக்காரிதான் அண்ணாச்சி. முழிக்காதிய. மருமவ அழுதுகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றாள். பேட்டைக்காரிக்கு நோய் திரும்பி வந்துவிட்டதாம். இந்தத் தடவை எலும்பில். பேட்டையில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

“மறைச்சுட்டாவன்னு கோவம் இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லாம? நாலு நாள் பச்சத்தண்ணி குடிக்கல. முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பொண்ணை எடுத்திருக்கவே மாட்டேன். அது சத்தியம். இப்ப அவ எம் மருமவ. மருமவளோட அம்மையத் தெருவுலயா போட முடியும்?”

நியாயமா அநியாயமா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நோட்டை எடுத்தேன். எத்தனை இஞ்சு பிடிக்கணும், அளவு ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். அந்தக் கனத்த குரல் முதல் தடவையாக இறங்கியது.

“அளவெல்லாம் கேக்காதிய அண்ணாச்சி. வாரத்துக்கு வாரம் குறையுது. கொக்கியை எடுத்துட்டு முன்னால கயிறு வச்சுக் குடுங்க. எவ்வளவு குறைஞ்சாலும் நான் இழுத்துக் கட்டி விட்டுக்கிடுதேன்.”

இத்தனை வருஷத்தில் குறை சொல்லித் திரும்பி வராத துணி என்று என் கடையில் உண்டென்றால் அந்த நாலு ஜாக்கெட்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.