அருவிக்கரையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு

தென்காசிப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து போர்டில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் பிரசிடெண்டைப் பதவியிலிருந்து இறக்க மெம்பர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்தார்கள். முன்னால் நின்றவர் அரிசி ஆலைக்காரர். பிரசிடெண்டு ஒரு வேலையும் செய்வதில்லை என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான்.

தீர்மானம் வருகிறது என்று கேட்டும் பிரசிடெண்டு கோபப்படவில்லை. "சாரல் நல்லா அடிக்குது. கூட்டத்தைக் குத்தாலத்துல வச்சுக்கிடுவோம். செலவு என்னுது" என்றார். போகிற மனுஷன் கடைசியாக ஒரு விருந்து வைக்கிறார் என்று எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. வாடகை பஸ்ஸில் போய் இறங்கினோம்.

அருவிக்கரையில் மெம்பர்கள் கோவணத்தோடு பாறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்துவிட்டார். நான் மட்டும் சட்டையோடு, தீர்மானப் புத்தகம் நனையாமல் குடைபிடித்து நின்றேன்.

முதுகு முடிந்து விலாவுக்கு வந்ததும், "கையத் தூக்குங்க அண்ணாச்சி" என்றார்கள் எண்ணெய் தேய்ப்பவர்கள். எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பிரசிடெண்டு, அருவிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "எம்மேல நம்பிக்கை உள்ளவங்க கையத் தூக்கலாம்" என்றார். உடனே என் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டீரா? ஏகமனதா நிறைவேறிட்டுன்னு எழுதும்."

"ஐயா, ரெண்டு கையையும்லா தூக்கியிருக்காவ."

"அம்புட்டு நம்பிக்கைவே! எழுதும்."

எழுதினேன். சிரிப்பு வந்தது.

பந்தியில் விஷயம் தெரிந்ததும் ஆலைக்காரர் இலையைவிட்டு எழுந்தார். "இது செல்லாதுவே! நான் கலெக்டர்ட்ட போவேன்!"

"போங்க அண்ணாச்சி. கோவணத்தோட கூட்டத்துக்குப் போனேன், கையத் தூக்கினேன், எதுக்குன்னு தெரியலன்னு தொரைகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே, பிரசிடெண்டு அவர் இலையில் பாயசம் ஊற்றச் சொன்னார். "இல்லன்னா, வைஸ் பிரசிடெண்டு நாற்காலி சும்மாத்தான் கெடக்கு."

பாயசம் இலையின் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் உட்கார்ந்து அதைக் கையால் மறித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பிரசிடெண்டுக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான். மற்றவர்கள் அவரோடு பேசவில்லை. பிரசிடெண்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை கோபமும் ஆலைக்காரர்மேல் திரும்பிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே புது வைஸ் பிரசிடெண்டை இறக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதில் முதல் கையெழுத்து பிரசிடெண்டுடையது.