சைலன்சரை முட்டிய மண்ணெண்ணெய்க் கான்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் சத்தத்தைக் கேட்டே மோட்டார் சைக்கிளின் வருத்தத்தைச் சொல்ல, புதுக்குடியிருப்பில் என்னை விட்டால் ஆளில்லை. சொந்தமாகக் கராஜ் போட்டதும் இந்தக் காதை நம்பித்தான்.

போன வருடம் கடற்றொழில் செய்யும் அந்தோனி, சத்தமான சைலன்சர் ஒன்றை வாங்கி வந்து தன் மோட்டார் சைக்கிளில் பூட்டச் சொன்னார். பூட்டி, காபரேட்டரையும் டியூன் பண்ணி, ஓட்டம் எப்படி என்று பார்க்க அவருக்குப் பின்னால் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனேன். படகுக்கான மண்ணெண்ணெயைப் பிளாஸ்டிக் கானில் நிரப்பி, வழக்கம்போல வலப்பக்கம் கட்டியிருந்தார்.

பாதி வழியில் கருகல் மணம் வந்தது.

“அண்ணை, என்னவோ எரியுது,” என்றார் அந்தோனி.

“புதுச் சைலன்சர், முதல் ஓட்டத்திலை பெயின்ற் மணக்கும். எனக்குப் படிப்பிக்கிறியோ?” என்றேன்.

“உங்களுக்குப் படிப்பிக்கேலாமல்தானே பள்ளிக்கூடமே உங்களை விட்டது!” என்று அவர் சிரித்தார்.

சற்று நேரத்தில் என் வலது கால் நனைந்தது. குனிந்து பார்த்தால், கானின் அடி உருகி, மண்ணெண்ணெய் சைலன்சரில் ஒழுகிப் புகைந்தது.

“நிப்பாட்டடா!” என்று கத்தினேன்.

அவர் பிரேக் பிடித்ததும் இருவரும் குதித்தோம். அந்தோனி கயிற்றை அறுத்துக் கானை மணலில் தள்ளினார். நெருப்புப் பிடிக்காததால் தப்பினோம்.

பழைய சைலன்சர் தாழ்வாக இருந்தது. புதியது மேல்நோக்கி நின்று கானை முட்டியது. சூட்டைத் தடுக்கும் தகட்டை, அழகில்லை என்று கழற்றியவனும் நான்தான்.

டியூனிங்கில் பிழையில்லை, அதை இன்றும் சொல்வேன். ஆனால் இப்போது சைலன்சர் பூட்ட வருபவரிடம், வழக்கமாக ஏற்றும் சாமானையும் கட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பனரைக் கையில் எடுக்கிறேன்.