வெள்ளையாய் நின்ற பக்கம்

முன்பு நாகஜோதிக்கு இணையதளம் செய்யும் ரியாக்ட் என்ற கருவி தெரியும், அதற்கு அடிப்படையான வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி வராது. இதை இப்போது அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அம்மா பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தாள். மதுரையில் மூன்று மாதம் ரியாக்ட் பயிற்சி. அதைக் கொண்டே சிவகாசியில் அச்சகங்களுக்கு இணையதளம் செய்துதரும் சிறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

போன வருடம், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் திரட்டி, தன் விருப்பத்துக்கு ஓர் இணையப் பக்கம் போட்டாள். அதையும் ரியாக்டில்தான் செய்தாள். அலுவலகத்தில் பளிச்சென்று திறந்தது.

பத்தாம் நாள் ஒரு போன் வந்தது. பேசியவர் சங்கிலிமுத்து, பட்டாசுத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் வேனின் டிரைவர்.

"ஏம்மா, நீங்க போட்டது இங்கன தெறக்கவே மாட்டேங்குது. வெள்ளையா நிக்குது."

"நெட் இல்லாம இருக்கும், அண்ணாச்சி."

"நெட்டு இங்க எப்பவும் இம்புட்டுத்தான். போனும் பழசு. அவசரத்துக்குன்னுதான போட்டீக?"

நாகஜோதிக்கு முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கே போய் அவர் போனில் பார்த்தாள். ரியாக்டின் கோப்புகள் முழுதும் இறங்கினால்தான் முதல் பெயரே தெரியும். அந்த சிக்னலில் அவை இறங்கி முடியவே இல்லை.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அழகுமீனாவிடம் சொன்னாள்.

"நூறு பேர் லிஸ்ட்டுக்கு ரியாக்ட் எதுக்குடி? வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல பத்து வரி போதும்."

"அந்தப் பத்து வரிதான் எனக்கு எழுதத் தெரியாது, மீனா."

சொல்லவே கூசியது. அழகுமீனா சிரிக்கவில்லை. இரண்டு வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடவே உட்கார்ந்தாள். பெயர்களைப் பக்கத்திலேயே நேராக எழுதி, ரத்த வகையைத் தொட்டால் அந்த வகைக்காரர்கள் மட்டும் தெரியும்படி நாகஜோதியே மாற்றி முடித்தாள். சங்கிலிமுத்துவின் போனிலும் திறந்தது.

நான்கு மாதம் கழித்து அவர் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஓ நெகட்டிவ் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அந்தப் பக்கத்தைத் திறந்தார். அதில் பெயர் இருந்த ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர், கூப்பிட்டதும் உடனே கிளம்பி வந்தார். மறுநாள் சங்கிலிமுத்து நாகஜோதிக்குப் போன் செய்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா."

"நான்தான் நன்றி சொல்லணும், அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க கேக்கலேன்னா நான் இதைப் படிச்சிருக்கவே மாட்டேன்."

காலண்டர் ஆர்டர் வாங்கும் பெரிய தளங்களை இன்றும் அவள் ரியாக்டில்தான் செய்கிறாள். ஏதாவது பழுதானால் முன்போல் முழிப்பதில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று இப்போது தெரிகிறது. அதற்காக அழகுமீனாவை வாய் ஓயாமல் புகழ்வாள். பிரசவம் முடிந்த அடுத்த ஞாயிறே இருவருமாகப் போய்ச் சங்கிலிமுத்துவின் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.