உருட்டிப் பார்த்து வாங்கிய க்யூ

கதவு பொருத்துவது என் நண்பரின் தொழில். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே சட்டத்தின் கோணலைச் சொல்லிவிடுவார். கிளப்பின் பொதுக் கோல்களால் இருபது வருஷம் என்னோடு ஸ்னூக்கர் ஆடியவர், போன வருஷம்தான் தனக்கென்று ஓர் உயர்ரக க்யூ கோல் வாங்கினார். அதற்காக மூன்று ஞாயிறு என்னைக் கடைக்கு இழுத்தடித்தார். ஒவ்வொரு க்யூவாக மேஜைமேல் உருட்டுவார். லேசாகத் துள்ளினாலும் கோணல், வேண்டாம் என்பார். பதினோராவது சத்தமில்லாமல் ஓடியது. எடுத்துக்கொண்டார். வளைந்துவிடும் என்று அதைச் சுவரில் சாய்க்கக்கூட யாரையும் விடமாட்டார்.

அதைப் போய் அவர் மருமகன், "ரெண்டு நாள் ஆடிட்டுத் தரேன் மாமா" என்று வாங்கிப்போனான். இரண்டு மாதம் வெயிலில் நின்ற கார் டிக்கியிலேயே போட்டுவைத்திருந்தான், மகானுபாவன்! சூட்டில் மரம் முறுக்கிக்கொள்ளும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். திருப்பிக் கேட்கலாமென்றால், "மாப்பிள்ளைகிட்ட போய் ஒரு குச்சியக் கேப்பீங்களா?" என்று வீட்டம்மா அவர் வாயை அடைத்துவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நேற்று நான் அங்கே இருந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். அவர் சாப்பாட்டு மேஜைமேல் உருட்டினார். தடக் தடக்கென்று தத்திக்கொண்டு போனது. மன்னிப்பாவது கேட்பான் என்று பார்த்தேன்.

"வாங்கும்போதே கோணல்தான் மாமா. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றான், காலை ஆட்டிக்கொண்டே.

வீட்டம்மா கண்ணைக் காட்டினார். நண்பர் கவனிக்கவே இல்லை.

"இத உருட்டிப் பாத்துத்தான் எடுத்தேன் மாப்பிள்ளை. பொண்ணக் குடுக்கும்போது உங்களத்தான் உருட்டிப் பாக்காம விட்டுட்டேன்."