செண்பகவல்லியின் வால்வு
செண்பகவல்லியை முதலில் ‘காம்சோர்’ என்று சொன்னவர், தாராவியில் அவள் நூல் வெட்டிக்கொண்டிருந்த தையல் பட்டறையின் மாஸ்டர். வேலைக்கள்ளி என்று அர்த்தம். பட்டறைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுவாள். மேலே வந்து மூச்சு அடங்கிக் கத்தரியை எடுப்பதற்குள் மற்ற பெண்கள் ஒரு கட்டுச் சட்டையை முடித்திருப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

“ஏட்டி, முப்பத்தஞ்சு வயசுல ஒரு கொடம் தண்ணி தூக்க முடியலையா? நாடகமா பண்ணுத?” என்றான் புருஷன் பூலோகம்.

அவன் கெட்டவன் இல்லை. பகலெல்லாம் காட்கோபரில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துவிட்டு வருகிறவன். கோபம் வரத்தான் செய்யும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். தான் சோம்பேறியாகிவிட்டோமோ என்று அவளுக்கும் சந்தேகம் இருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதால், சுவரில் சாய்ந்தபடி தூங்கப் பழகியிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் ரயில் நிலையப் பாலத்தில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையில் ரத்தம். பயந்துபோன பூலோகம் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்ட டாக்டர், இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

எக்கோ எடுக்கும் ஜெஸி, மும்பை செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். சீட்டில் பேரைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். “இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கக்கா. கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.”

திரையைப் பார்த்த டாக்டர் இந்தியில் விளக்கினார். செண்பகவல்லி விழிப்பதைக் கண்டு, தமிழில் சொல்லும்படி ஜெஸியிடம் விட்டார். ஜெஸி பூலோகத்தையும் உள்ளே அழைத்தாள்.

“இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. உடம்பைச் சுத்திட்டு வர்ற ரத்தம் வலது பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகும். அங்க நல்ல காத்தை வாங்கிட்டு இடது மேலறைக்குத் திரும்பும். கீழறைக்கு இறங்கினாத்தான் அது உடம்புக்குப் போக முடியும். நடுவுல இந்த வால்வு இருக்கு பாருங்க, ஒவ்வொரு துடிப்புக்கும் அகலமாத் தொறக்கணும். உங்களுக்கு ஓரமெல்லாம் ஒட்டிப்போச்சு. கீறல் மாதிரிதான் தொறக்குது.”

“அப்ப ரத்தம்?”

“மேலறையில தேங்கி, நுரையீரல் பக்கமே திரும்ப அழுத்துது. அதான் மூச்சு வாங்குது. சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிச்சா?”

ஒன்பது வயதில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தது செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காய்ச்சல் செய்துவிட்டுப் போன வேலைதான் இது என்றாள் ஜெஸி.

“அப்ப நான் சோம்பேறி இல்லையா?”

“யாரு சொன்னா? இந்த வால்வை வச்சுக்கிட்டு நீங்க வேலைக்குப் போனதே பெருசுக்கா.”

பூலோகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

“நெஞ்சைக் கிழிப்பாவளா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

“இல்லக்கா. தொடையில சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியா பலூனைக் கொண்டுபோவாங்க. வால்வுக்குள்ள அதை ஊதினா, ஒட்டினது பிரிஞ்சிரும்.”

இரண்டு வாரம் கழித்து அப்படித்தான் செய்தார்கள். மயக்க மருந்து இல்லை. மரத்துப்போக ஊசி மட்டும். பலூன் விரிந்த சில நொடிகள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உயிர் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். பலூன் சுருங்கியதும் டாக்டர்கள் சிரித்துப் பேசுவது கேட்டது. காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். மூச்சு முட்டாமல் படுத்திருக்கிறோம் என்பது மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. தலையணைக்குள் முகத்தைத் திருப்பி அழுதாள்.

அந்தப் பழைய காய்ச்சல் திரும்ப வராமலிருக்க, இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. போட்டால் இரண்டு நாள் நடக்க முடியாத வலி. குடத்தைப் பூலோகமே தூக்குகிறான். பாதியைக் கொட்டிக்கொண்டு வருகிறான் என்று அவள் திட்டுகிறாள். வால்வு மறுபடி ஒட்டலாம் என்று சொல்லியிருப்பதால் வருஷத்துக்கு ஒரு எக்கோ உண்டு. போன தடவை ஜெஸி லீவு. புதிதாக வந்திருந்த பையனிடம், “பையா, ஸ்கிரீன் இதர் கரோ” என்று திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.